சவுண்ட் கார்டு வாங்கும் முன் நிசப்தத்தைக் கேளுங்கள்

ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டு எதுவும் வேண்டாம். ஒலியளவை வழக்கமாகக் கேட்கும் இடத்தில் வைத்துவிட்டு, அறையில் ஓடும் மின்விசிறியை நிறுத்தி, ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். பிறகு மவுஸை மெல்ல நகர்த்துங்கள். நீளமான வலைப்பக்கம் ஒன்றைத் திறந்து மேலும் கீழும் உருட்டுங்கள். காதுக்குள் பூச்சி ஊர்வது போல ஒரு 'கிர்ர்' சத்தம் மவுஸோடு சேர்ந்து எழுந்து, கை நின்றதும் தானும் நிற்கிறதா?

டெஸ்க்டாப்புக்கு சவுண்ட் கார்டு வாங்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். எந்த மாடல், எத்தனை பிட் என்ற பேச்செல்லாம் அப்புறம். கம்ப்யூட்டரில் உண்மையில் என்ன குறை என்று தெரியாமல் கார்டு வாங்கினால் குறை இருந்த இடத்திலேயே இருக்கும், காசு மட்டும் போயிருக்கும். இரைச்சல் ஒரு நோய். ஒலி போதாமை இன்னொரு நோய். ஹெட்போனோ ஸ்பீக்கரோ சுமாராக இருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கடைசியாகச் சொன்னதை எந்த சவுண்ட் கார்டும் குணப்படுத்தாது.

கார்டு என்ன வேலை செய்கிறது

எண்களாக வரும் பாட்டை மின்னழுத்தமாக மாற்றுவது அதன் முதல் வேலை. இதைச் செய்யும் சில்லைத்தான் டிஏசி என்கிறார்கள். அந்த மின்னழுத்தத்துக்கு ஹெட்போனை அசைக்கும் வலுவைக் கொடுப்பது அடுத்தது. அது ஆம்ப்ளிஃபயரின் பொறுப்பு. மைக்கிலிருந்து வருவதைத் திரும்ப எண்களாக்குவது மூன்றாவது. இன்றைய டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் இந்த மூன்றும் ஏற்கெனவே கூடவே வருகின்றன.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1980களின் பிசியில் 'பீப்' அடிக்கும் சின்ன ஸ்பீக்கர்தான் இருக்கும். 1987இல் ஆட்லிப் கார்டும், 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டரும் வந்த பிறகுதான் இசை என்று சொல்லத்தக்க ஒன்று பிசியில் கேட்டது. 1997இல் இன்டெல் ஏசி97 என்ற ஒலி வரையறையை வெளியிட்டது. அதன்பின் ஒலிச் சில்லு மதர்போர்டிலேயே உட்காரத் தொடங்கியது. அந்த ஆரம்பகால ஏற்பாடுகளில் பல மோசமாகத்தான் இருந்தன. 'மதர்போர்டு ஒலி உருப்படாது' என்ற பேச்சு அப்போது பிறந்தது. 2004இல் அடுத்த வரையறையான எச்டி ஆடியோ வந்தது, சில்லுகளும் ஆண்டுக்கு ஆண்டு தேறின. பேச்சு மட்டும் மாறாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. புதிதாக வருபவர்கள் அதை நம்பி ஏமாறுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விளையாட்டுக்காரர்களுக்கு அப்போது இன்னொரு காரணமும் இருந்தது. குகைக்குள் எதிரொலி, பின்னாலிருந்து காலடி போன்ற கணக்குகளை கார்டே செய்து சிபியூவின் சுமையைக் குறைத்தது. 2007இல் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தபோது விளையாட்டுகள் ஒலியை அனுப்பப் பயன்படுத்திய டைரக்ட்சவுண்டு என்ற விண்டோஸ் பகுதிக்கு இருந்த அந்த வன்பொருள் வழி மூடப்பட்டது. இன்றைய சிபியூவுக்கு அந்தக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே இப்போது கார்டு வாங்க நியாயமான காரணங்கள் மூன்றுதான்: இரைச்சலைப் போக்குவது, ஹெட்போனுக்கு வேண்டிய வலுவைத் தருவது, மதர்போர்டில் இல்லாத ஜாக்கைப் பெறுவது.

முதல் படி: குறையைக் கண்டுபிடியுங்கள்

மவுஸோடு சேர்ந்து வரும் சத்தத்தில் தொடங்குவோம். கம்ப்யூட்டரின் முன்பக்க ஹெட்போன் ஜாக்கில் செருகியிருக்கிறீர்களா? அப்படியென்றால் பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி உள்ளே பாருங்கள். முன்பக்க ஜாக்கிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் புறப்படும். மதர்போர்டின் கீழ் மூலையில், பின்பக்கத்தை ஒட்டி, 'எச்டி ஆடியோ' என்ற சின்ன ஊசிக் கூட்டத்தில் அது போய் முடியும். அங்கே போய்ச் சேர அது பெட்டியின் முழு நீளத்தையும் கடக்க வேண்டும். வழியில் கிராஃபிக்ஸ் கார்டு, அதன் தடித்த மின்கம்பிகள், சுழலும் ஃபேன்கள். கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யும்போது அது இழுக்கும் மின்சாரம் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் நிழல் பக்கத்தில் ஓடும் மெல்லிய கேபிளில் விழுகிறது. பக்கத்தை உருட்டும்போது காதில் கேட்பது அந்த நிழல்தான்.

நண்பர் ஒருவர் கார்டு தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், பெட்டிக்குள் பாகங்களைப் பொருத்தியவர் முன்பக்க ஆடியோ கேபிளையும் கிராஃபிக்ஸ் கார்டின் மின்கம்பிகளையும் ஒரே பிளாஸ்டிக் பட்டையால் கட்டு போட்டு இறுக்கியிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. பட்டையை வெட்டி ஆடியோ கேபிளை மட்டும் பெட்டியின் அடிப்பக்கமாக ஓட்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. பிறகு ஹெட்போனைப் பின்பக்கத்தின் பச்சை ஜாக்கில் செருகினோம். ஒரு சத்தமும் இல்லை. கார்டு வாங்க ஒதுக்கியிருந்த தொகையில் அவர் நல்ல ஹெட்போன் வாங்கினார். அன்று முதல், பின்பக்க ஜாக்கில் கேட்டுப் பார்க்காமல் யாரையும் நான் கடைக்கு அனுப்புவதில்லை. பின்ஜாக் கைக்கு எட்டாது என்றால் ஒரு நீட்டிப்புக் கேபிள் போதும்.

பின்ஜாக்கிலும் அதே சத்தம் வந்தால் அது மதர்போர்டிலேயே கலக்கிறது. அப்போது கார்டு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

அடுத்தது 'ம்ம்ம்' என்று அடிக்குரலில் ஓயாமல் வரும் ஹம். இது மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் துடிப்பும் அதன் மடங்குகளும். ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு, ஹெட்போனில் கேட்காவிட்டால், அநேகமாக இது எர்த் வளையம். கம்ப்யூட்டர் ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் இன்னொரு பிளக்கிலும் எர்த் ஆகி, ஆடியோ கேபிளின் வெளியுறை வழியாக அந்த இரண்டும் கைகோர்த்துக்கொள்ளும்போது அந்த வளையத்தில் மின்சாரம் ஓடுகிறது. முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளை ஒரு நொடி பிடுங்கிப் பாருங்கள். ஹம் நின்றால் வளையம் அந்த வழியாகப் போகிறது என்று தெரியும். டிவி கேபிள் இணைப்பும் இதைச் செய்யும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எர்த் ஊசியை வெட்டினால் ஹம் நிற்கும் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். நிற்கத்தான் செய்யும். ஆனால் ஏதாவது பழுதாகும் நாளில் உங்களைக் காப்பாற்ற அங்கே இருப்பது அந்த ஊசி மட்டும்தான்.

எர்த் வளையத்துக்கு வெறும் கார்டு மாற்றம் மருந்தாகாது, புதுக் கார்டிலும் அதே வளையம் இருக்கும். கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கேபிளில் செருகும் சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் பல இடங்களில் போதும். ஸ்பீக்கரில் ஆப்டிகல் உள்ளீடு இருந்தால் இன்னும் நல்லது. 1983இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க் என்ற அந்த இழை வழியாகப் போவது வெறும் ஒளி. மின்தொடர்பே இல்லாததால் வளையம் அறுந்துவிடும்.

மூன்றாவது, இரைச்சலும் ஹம்மும் இல்லை, ஆனால் ஒலி மந்தமாக இருக்கிறது என்ற புகார். விண்டோஸின் ஒலி அமைப்புக்குள் போய் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை முழுக்க அணையுங்கள். குரலைத் தெளிவாக்குகிறேன், பாஸை, அதாவது அடிக்குரலைக் கூட்டுகிறேன் என்று அது பாட்டை வதைத்துக்கொண்டிருக்கலாம். அப்புறம் அதே ஹெட்போனை ஒரு போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ செருகி அதே பாட்டைக் கேளுங்கள். அங்கேயும் மந்தம் என்றால் குறை ஹெட்போனில்தான்.

இதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓரளவு சத்தமாக வைத்தால் ஒரு சாதாரண ஸ்பீக்கர் பாஸ் ஒலிகளில் ஒரு சதவீதமும் அதற்கு மேலும் சிதைவைச் சேர்ப்பது வழக்கம். ஒழுங்காக வேலை செய்யும் மதர்போர்டின் ஒலிப் பகுதி சேர்ப்பது அதில் நூறில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். ஸ்பீக்கரைச் சுவரின் மூலையிலிருந்து நகர்த்தி, காதுக்கு நேராகத் திருப்பி வைப்பது, பல வீடுகளில் எந்தக் கார்டையும் விடப் பெரிய மாற்றத்தைத் தரும். செலவும் இல்லை. கையில் இருப்பது பெட்டியோடு இலவசமாக வந்த ஸ்பீக்கர் என்றால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: உள்ளேயா, வெளியேயா?

கார்டு தேவைதான் என்று உறுதியான பிறகு வரும் கேள்வி இது. பெட்டிக்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடத்தில் செருகும் கார்டு ஒரு வகை. கிரியேட்டிவின் சவுண்ட் பிளாஸ்டர் வரிசையிலும் அசூஸின் சோனார் வரிசையிலும் பல கார்டுகள் அந்த வகை. யூஎஸ்பி கேபிளின் முனையில் மேசை மேல் உட்காரும் டிஏசி–ஆம்ப் பெட்டி இன்னொரு வகை. 'யூஎஸ்பியில் வருவதெல்லாம் சவுண்ட் கார்டா?' என்று கேட்பவர்கள் உண்டு. செய்யும் வேலை அதேதான்.

என் தீர்ப்பு வெளியே இருப்பதற்குத்தான். பெட்டிக்குள் கிராஃபிக்ஸ் கார்டு கிளப்பும் மின்காந்தச் சந்தடியிலிருந்து அது தள்ளி இருக்கிறது. ஒலியளவுத் திருகு கைக்குப் பக்கத்தில் இருக்கும். நாளைக்கு கம்ப்யூட்டரை மாற்றினாலும் கேபிளைப் பிடுங்கிச் செருகினால் முடிந்தது. போனுக்காக விற்கும், கட்டைவிரல் அளவுகூட இல்லாத டைப்–சி ஹெட்போன் அடாப்டர்கள் இருக்கின்றனவே, அவற்றில் நல்லவை மதர்போர்டுகளின் முன்ஜாக்கை எளிதாகத் தோற்கடிக்கும். டெஸ்க்டாப்பிலும் அவை வேலை செய்யும். சாதாரண 32 ஓம் ஹெட்போன் (ஓம் என்பது மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் தடையின் அளவு) வைத்திருப்பவர் முதலில் முயல வேண்டியது அதைத்தான்.

வெளியே வைத்துவிட்டால் இரைச்சலே வராது என்று மட்டும் நினைக்க வேண்டாம். யூஎஸ்பியின் 5 வோல்ட்டும் எர்த்தும் அதே கம்ப்யூட்டரிலிருந்துதான் வருகின்றன. சொந்த மின்சார ஸ்பீக்கரோடு இணைக்கும்போது எர்த் வளையம் இங்கேயும் எட்டிப் பார்க்கும். எச்சரிக்கையாக, திருப்பிக் கொடுக்க வழி உள்ள இடத்தில் வாங்குங்கள்.

உள்ளே செருகும் கார்டு யாருக்கு? 5.1 ஸ்பீக்கர் தொகுப்பு (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) வைத்திருப்பவர்களுக்கு முதலிடம். பச்சை முன்பக்க ஸ்பீக்கருக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் சப்வூஃபருக்கும் என்று மூன்று ஜாக் வேண்டும், சின்ன யூஎஸ்பிப் பெட்டிகளில் அவை இருக்காது. ஆப்டிகல் கேபிள் வழியாக விளையாட்டின் 5.1 ஒலியை ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு அனுப்ப நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். அந்த இழையில் சுருக்கப்படாத ஒலி ஸ்டீரியோவாக மட்டுமே போகும். 5.1 போக வேண்டுமானால் ஒலியை அந்தந்த நொடியில் சுருக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டல் லைவ் போன்ற வசதி கார்டில் இருக்க வேண்டும். படத்தில் ஏற்கெனவே சுருக்கி வரும் 5.1 சரியாகக் கேட்டு, விளையாட்டில் மட்டும் இரண்டு ஸ்பீக்கரில் ஒலி நின்றுவிடுகிறது என்று குழம்புபவர்களுக்குக் காரணம் இதுதான். ரிசீவரில் எச்டிஎம்ஐ இருந்தால் கார்டே வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ எல்லாச் சேனல்களையும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வாங்கும் முன் பெட்டியைத் திறந்து இடத்தைப் பாருங்கள். பழைய வெள்ளை நிறப் பிசிஐ இடம் இப்போதைய மதர்போர்டுகளில் கிடையாது. ஆகவே பழைய பிசிஐ கார்டு மலிவாகக் கிடைத்தாலும் செருக முடியாது. சின்னப் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம் இருக்கிறது என்று மதர்போர்டு கையேடு சொல்லும், ஆனால் தடித்த கிராஃபிக்ஸ் கார்டு அதன் மேலேயே படுத்திருக்கும். சில கார்டுகளுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி மின்இணைப்பும் வேண்டும்.

மூன்றாம் படி: பெட்டி மேலுள்ள எண்களைப் படிப்பது

முதலில் கண்ணில் படும் '32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ்' என்பதைத் தாண்டிப் போய்விடுங்கள். மனிதக் காது, இளம் வயதில், ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவீட்டில் (நொடிக்கு 44,100 முறை ஒலியை அளப்பது) அதில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸ் வரை அடங்கிவிடும். அதன் 16 பிட் ஏறத்தாழ 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். கேட்பதற்கு இதுவே தாராளம். 24 பிட் என்பது பதிவு செய்பவருக்கும், மென்பொருளில் ஒலியளவைக் குறைக்கும்போதும் உதவும். இன்று எல்லாக் கார்டிலும் அது இருக்கிறது. அதற்கு மேல் உள்ள எண்களுக்காகக் கூடுதலாக எதுவும் கொடுக்காதீர்கள்.

சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும் எஸ்என்ஆர் உண்மையிலேயே பயனுள்ள எண். ஆனால் யாருடைய எண் என்று கேட்க வேண்டும். மதர்போர்டுகளில் வரும் ரியல்டெக் ஏஎல்சி1220 சில்லுக்கு 120 டெசிபல் என்று போட்டிருக்கும். அது சில்லு தன் பங்குக்குத் தருவது. அதைச் சுற்றியுள்ள மின்வழங்கல், கம்பித்தடங்கள், ஆம்ப், ஜாக் எல்லாவற்றையும் கடந்து உங்கள் காதுக்கு வரும்போது மிஞ்சுவது வேறு. சவுண்ட் கார்டுகளின் பெட்டியிலும் இதே வேலை நடக்கிறது: சில்லு தயாரித்தவரின் எண்ணை எடுத்துக் கார்டின் எண்ணாக அச்சிடுகிறார்கள். ஒரே இஎஸ்எஸ் சேபர் டிஏசி சில்லை வைத்து அருமையான கார்டும் செய்யலாம், இரைச்சல் கார்டும் செய்யலாம். சில்லின் பெயரைப் பார்த்து வாங்குவது, அரிசியின் பெயரைப் பார்த்துச் சமையலை மெச்சுவது போல. ஜாக்கில் கருவி வைத்து அளந்து வெளியிடுபவர்களின் அளவீடுகளைத் தேடிப் படியுங்கள். ஜாக்கில் அளந்து நேர்மையாக 100 டெசிபலுக்கு மேல் வந்தால், அமைதியான அறையிலும் இரைச்சல் உங்கள் காதுக்கு எட்டுவது அரிது.

பெட்டியில் பெரும்பாலும் அச்சிடாமல் விடும் எண் ஒன்று உண்டு. ஹெட்போன் வைத்துக் கேட்பவர்களுக்கு எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியம்: வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது ஜாக் தன் பங்குக்கு மின்சாரத்துக்குக் காட்டும் தடை. ஓம் அளவில் சொல்வார்கள். ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இது இருக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் விதி. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம், 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம்.

ஏன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். சில மதர்போர்டு ஜாக்குகளில் 75 ஓம் வெளியீட்டு மின்மறுப்பு இருக்கும். உங்கள் இயர்போன் நடுக்குரலில் 16 ஓம் என்றும், மேல்குரலில் ஓரிடத்தில் 48 ஓம் ஆகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காதில் இரண்டு மூன்று சின்ன டிரைவர்கள் (ஒலி எழுப்பும் பாகங்கள்) வைத்த இயர்போன்கள் இப்படி ஏறி இறங்கும். நடுக்குரலில் இயர்போனுக்குக் கிடைப்பது 91இல் 16 பங்கு, அதாவது சுமார் 18 சதவீத மின்னழுத்தம். மேல்குரலில் கிடைப்பது 123இல் 48 பங்கு, சுமார் 39 சதவீதம். இந்த வித்தியாசம் ஏறத்தாழ 7 டெசிபல். பாடகர் ஓரடி பின்னுக்குப் போய், சிம்பல் உங்கள் காதருகே வந்தது போலக் கேட்கும். அதே இயர்போனை 1 ஓம் உள்ள பெட்டியில் செருகினால் வித்தியாசம் அரை டெசிபலுக்கும் கீழே. 'இந்தக் கார்டு பிரகாசமாக ஒலிக்கிறது, அது இதமாக ஒலிக்கிறது' என்று மக்கள் உணர்ந்து சொல்வதில் ஒரு பகுதிக்குக் காரணம் இந்த வகுத்தல் கணக்கு. சில்லின் குணம் என்று அதை நினைத்துக்கொள்கிறோம்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவை அதிக ஓம் ஹெட்போன்கள். சென்ஹைசர் எச்டி 600 போன்றவை 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 990 என்ற ஒரே மாடலை 32, 250, 600 ஓம் என்று மூன்று விதமாகச் செய்திருக்கிறார்கள். இவற்றுக்கு மின்னழுத்தம் வேண்டும். 1 வோல்ட் தரும் ஜாக், 32 ஓமுக்கு 31 மில்லிவாட் கொடுக்கும். 300 ஓமுக்கு 3 மில்லிவாட்டோடு நின்றுவிடும். ஒலியளவை உச்சத்துக்குத் தள்ளியும் பாட்டு எழும்பாமல் இருப்பது இதனால்தான். 250 ஓமும் அதற்கு மேலும் உள்ள ஹெட்போனுக்கு 2 வோல்ட்டுக்குக் குறையாமல் தரும் பெட்டியைத் தேடுங்கள். 4 வோல்ட் வந்தால் நிம்மதி. உணர்திறன் அதிகமுள்ள இயர்போன் வைத்திருப்பவர் இதற்கு நேர்மாறாகப் போக வேண்டும். வலுவான ஆம்பில் செருகினால் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் கேட்கும், ஒலியளவுத் திருகை இம்மி நகர்த்தினாலே காது அடைக்கும்.

'விர்ச்சுவல் 7.1' என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம். அது மென்பொருள். எந்தக் கார்டிலும் ஓடும்.

பாட்டுப் பதிவு செய்பவர்களுக்கு

உங்களுக்கு வேண்டியது சவுண்ட் கார்டு அல்ல, ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக் கேபிளைச் செருகும் எக்ஸ்எல்ஆர் ஜாக்கும், கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேன்டம் பவரும், ஆஸியோ என்ற டிரைவர் மென்பொருளும் அதில் இருக்கும். ஆஸியோ என்பது ஸ்டெயின்பெர்க் நிறுவனம் வகுத்த வழி. விண்டோஸின் கலவைப் பகுதியைத் தாண்டி நேராகக் கருவியோடு பேசும், அதனால் நீங்கள் பாடுவதற்கும் காதில் கேட்பதற்கும் இடையிலான தாமதம் சில மில்லி நொடிகளாகக் குறையும். மதர்போர்டின் இளஞ்சிவப்பு மைக் ஜாக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு நல்ல குரலை வீணாக்காதீர்கள். இன்டர்ஃபேஸில் ஹெட்போன் ஜாக்கும் இருப்பதால் கேட்பதற்கும் அதுவே போதும். வெளியீட்டு மின்மறுப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: டிரைவரை விசாரியுங்கள்

ஒரு காலத்தில் நான் ஆசை ஆசையாக வாங்கிய உள்கார்டு ஒன்று நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. விண்டோஸின் அடுத்த பதிப்புக்கு மாறினேன். தயாரித்தவர்கள் அதற்கு டிரைவரே வெளியிடவில்லை. கார்டில் ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் கழற்றி மேசை இழுப்பறையில் வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. உழைக்கும் பொருளை உழைக்க விடாமல் செய்வது அநியாயம்.

அதனால் 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். யூஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கென்று ஒரு பொது வரையறை இருக்கிறது. அதைப் பின்பற்றும் பெட்டிக்குத் தனி டிரைவர் வேண்டாம், செருகினால் பாடும். முதல் வரையறை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். அதற்கு மேல் போகும் யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 கருவிகளுக்கு லினக்ஸிலும் மேக்கிலும் முன்பே ஆதரவு இருந்தது. விண்டோஸ் 10இல் 2017இல் வந்த 1703 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. தயாரித்தவர் நாளைக்குக் கைவிட்டாலும் உங்கள் பெட்டி அநாதையாகாது. லினக்ஸ்காரர்கள் உள்கார்டு வாங்குவதானால் அந்தக் கார்டின் சில்லுக்கு லினக்ஸின் ஒலிப் பகுதியான அல்சாவில் ஆதரவு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: பொருத்துவது

உள்கார்டு என்றால் கம்ப்யூட்டரை நிறுத்தி, மின்கேபிளைப் பிடுங்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து முடிந்தவரை தள்ளி உள்ள இடத்தில் செருகுங்கள். பெட்டியின் முன்ஜாக் கேபிளைப் புதுக் கார்டில் மாட்டும் ஊசிகள் இருக்கும். மாட்டினால் முதல் படியில் பார்த்த அதே நீளமான கேபிளின் சத்தம் திரும்பி வரும். ஹெட்போனைக் கார்டின் ஜாக்கிலேயே செருகுங்கள்.

யூஎஸ்பிப் பெட்டியை மதர்போர்டின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். பத்துக் கருவிகள் தொங்கும் ஹப் வேண்டாம். பிறகு விண்டோஸில் புதுக் கருவியை டீஃபால்ட்டாக வைத்து, வடிவத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமையுங்கள். படமும் விளையாட்டும் பெரும்பாலும் 48இல்தான் வருகின்றன. பாட்டு மட்டும் கேட்பவர் 44.1 வைக்கலாம். என்ஹான்ஸ்மென்ட்ஸ் திரும்பவும் தானாக முளைத்திருக்கும், அதை அணையுங்கள். மதர்போர்டின் ஒலியை பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரை) உடனே முடக்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.

ஆறாம் படி: காதால் தீர்ப்புச் சொல்வது

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால் 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காது சொல்லாது, 'தெளிவாக இருக்கிறது' என்று சொல்லும். 1933இல் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் வெளியிட்ட வளைகோடுகள் காட்டியதும் இதை ஒட்டியதே: ஒலி தாழ்ந்திருக்கும்போது அடிக்குரலும் உச்சக்குரலும் காதுக்கு மங்கித் தெரியும், ஒலி ஏற ஏற அவை எழும்பி வரும். புதுக் கார்டின் வெளியீடு கொஞ்சம் வலுவாக இருந்தாலே பாஸ் செறிவாகவும் சிம்பல் துல்லியமாகவும் தோன்றிவிடும். ஆகவே இரண்டின் ஒலியளவையும் சமமாக்குங்கள். ஸ்பீக்கர் என்றால் போனில் ஒலி அளக்கும் செயலியைப் போட்டு, இரைச்சல் போன்ற நிலையான ஒரு ஒலியை ஓட்டி, போனை ஒரே இடத்தில் வைத்து அளவைப் பொருத்தலாம். ஹெட்போனில், மல்டிமீட்டர் இருந்தால், ஹெட்போன் செருகியிருக்கும்போதே ஜாக்கின் மின்னழுத்தத்தை 60 ஹெர்ட்ஸ் தொனியில் அளந்து ஒன்றாக்கலாம். அதுவரை ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்து வையுங்கள்.

பிறகு எதைக் கேட்பது? வாத்தியங்கள் குவிந்த பாட்டில் எதுவும் தெரியாது. ஒற்றை வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தியை மீட்டிய பிறகு நாதம் தேய்ந்துகொண்டே போகும் அந்த நாலைந்து நொடியைக் கேளுங்கள். இரைச்சலுள்ள ஜாக்கில் நாதம் தேய்ந்து 'ஸ்ஸ்' சத்தத்துக்குள் மூழ்கிவிடும். சுத்தமான ஜாக்கில் பதிவு நடந்த அறையின் அமைதிக்குள் அது கரைவது வரை பின்தொடரலாம். அந்த இடத்தை முதல்முறை கேட்டபோது பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவர் கேபிளை மாற்ற, எது எது என்று பத்து முறை சொல்லிப் பாருங்கள். அளந்து பார்க்க விரும்புபவர் புதுக் கார்டின் லைன்–அவுட்டிலிருந்து லைன்–இன்னுக்கு ஒரு கேபிளை வளைத்துச் செருகி, ரைட்மார்க் ஆடியோ அனலைசர் மென்பொருளை ஓட்டலாம். லைன்–இன்னின் குறையும் சேர்ந்தே அளவில் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரு வாரம் புதியதிலேயே கேளுங்கள். எட்டாம் நாள் பழைய ஜாக்குக்குத் திரும்புங்கள். புதியது தந்ததைக் காட்டிலும், திரும்பும்போது எது குறைகிறது என்பது காதுக்கு நன்றாகத் தெரியும். எதுவும் குறையவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.